ஃபியாமே நவோமி மாத்தாஃபா: சமோவாவின் முன்னாள் பிரதமர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதம், நாடாளுமன்றக் கதவு பூட்டிக் கிடந்ததால் வெளியே புல்தரையில் பந்தல் போட்டு ஒரு பெண் பிரதமராகப் பதவியேற்ற செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாடு சமோவா, அந்தப் பெண் ஃபியாமே நவோமி மாத்தாஃபா. 2025இல் அவர் பதவி இழந்தபோது "அந்தப் பந்தல் பிரதமர்தானே, அவருக்கு என்ன ஆச்சு?" என்று நிறையப் பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சமோவா எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய நாடு?

தெற்குப் பசிபிக்கில், ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் ஏறக்குறைய நடுவில். உபோலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள், கூடவே சில குட்டித் தீவுகள், மொத்தம் சுமார் 2 லட்சம் பேர். தலைநகர் ஆப்பியா. பக்கத்திலிருக்கும் அமெரிக்கச் சமோவா வேறு, அது அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி.

முதலில் ஜெர்மனியிடமும் 1914க்குப் பிறகு நியூசிலாந்திடமும் இருந்த நாடு. 1918இல் ஃப்ளூ நோயாளிகளோடு வந்த ஒரு கப்பலை நியூசிலாந்து நிர்வாகம் தனிமைப்படுத்தாமல் கரைசேர விட்டது, அதனால் நாட்டில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் செத்துப்போனார்கள். அந்தக் கோபம் 'மாவ்' என்ற அறப்போராட்டம் வலுப்பெற ஒரு பெரிய காரணம். 1962 ஜனவரி 1 அன்று சுதந்திரம் கிடைத்தது, 20ஆம் நூற்றாண்டில் பசிபிக் தீவுகளில் முதலில் சுதந்திரம் பெற்ற நாடு இதுதான்.

'ஃபியாமே' என்பது அவருடைய பெயரா, பட்டமா?

பட்டம். நவோமி என்பதுதான் பெற்றோர் வைத்த பெயர். சமோவாவில் ஒவ்வொரு பெரிய குடும்பத்துக்கும் ஒரு தலைவர் உண்டு, அவரை 'மதாய்' என்பார்கள். குடும்பம் கூடிப் பேசி யாருக்குப் பட்டம் என்று முடிவு செய்யும், அதற்குப் பிறகு பட்டம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். குடும்ப நிலத்தைக் காப்பது, சண்டையைத் தீர்ப்பது, கிராமச் சபையில் குடும்பத்தின் சார்பாகப் பேசுவது எல்லாம் மதாயின் வேலை. நாட்டின் பெரும்பாலான நிலம் இப்படிக் குடும்பப் பட்டங்களோடு சேர்ந்த பொதுநிலம்தான், தனி ஆள் விற்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், மதாய் பட்டம் இல்லாமல் அங்கே தேர்தலில் நிற்கவே முடியாது. 1990 வரை ஓட்டுப் போடும் உரிமைகூட மதாய்களுக்கு மட்டும்தான் இருந்தது. அந்த வருடம் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஒரு பெண் இந்த ஏற்பாட்டுக்குள் மேலே வருவது எவ்வளவு கஷ்டம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பட்டம் பெண்களுக்குக் கிடைக்கக்கூடாது என்று நாட்டுச் சட்டத்தில் விதி எதுவும் இல்லை, ஆனால் மதாய்களில் பெண்கள் எப்போதுமே சிறுபான்மைதான்.

அப்பாவும் பிரதமராமே? அப்படியென்றால் வாரிசு அரசியல்தானே?

அப்பா ஃபியாமே மாத்தாஃபா ஃபௌமுயினா முலினுயூ II, சுதந்திர சமோவாவின் முதல் பிரதமர், உண்மைதான். நாட்டின் நான்கு உயர்ந்த பட்டங்களில் ஒன்றான 'மாத்தாஃபா'வும் அவரிடம் இருந்தது. 1975 மே மாதம் பதவியிலேயே இறந்தார். மகளுக்கு அப்போது 18 வயது. அம்மா லாவுலு ஃபெதவுயிமலெமவ் கல்வியாளர், பெண்கள் அமைப்புகளில் முன்னணியில் நின்றவர், கணவருக்குப் பிறகு அதே தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். ஆக, பிறந்த வீடு அரசியல் வீடு என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை. நவோமி 11 வயதிலேயே வெலிங்டனுக்குப் படிக்கப் போனவர், அப்புறம் அங்கேயே விக்டோரியா பல்கலைக்கழகம். அப்பாவின் பட்டங்களுக்கு அடுத்த உரிமை யாருக்கு என்று வழக்கு வந்ததும் 1977இல் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றத்தில் குடும்பத்துக்காக நின்றார். 'ஃபியாமே' பட்டம் அவருக்குக் கிடைத்தது. இருபதை ஒட்டிய வயதில், கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பெரிய பட்டம் கிடைப்பது அன்றைக்குச் சாதாரண விஷயமே இல்லை. இந்த நீதிமன்றத்தின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருடம் கழித்து அவர் பதவியை உதறுவதற்குக் காரணமும் இதே நீதிமன்றம்தான்.

எப்போது நாடாளுமன்றத்துக்கு வந்தார்? எந்தெந்தத் துறைகள்?

1985இல், லோதோஃபாங்கா தொகுதியிலிருந்து. (எழுத்தில் 'லோட்டோஃபாகா' மாதிரி தெரியும், சமோவ மொழியில் g என்ற எழுத்து நம் 'ங' மாதிரி ஒலிக்கும்.) கட்சி, மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சி. 1982 முதல் நடுவில் சுமார் இரண்டு வருடம் தவிர 2021 வரை நாட்டை ஆண்டது இந்தக் கட்சிதான். 1991இல் கல்வி அமைச்சர் ஆனார், சமோவாவின் முதல் பெண் கேபினட் அமைச்சர் அவர். கல்வித்துறையிலேயே 15 வருடம். அப்புறம் பெண்கள் மற்றும் சமூக நலம், அப்புறம் நீதித்துறை, 2016இல் துணைப் பிரதமர், கூடவே இயற்கை வளம் மற்றும் சுற்றுச்சூழல்.

துயிலாயெபா என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அவர் யார்?

துயிலாயெபா சைலேலே மலியேலெங்காவோய், 1998 முதல் 2021 வரை 22 வருடத்துக்கும் மேல் பிரதமர். ஆக்லாந்தில் வணிகவியல் படித்தவர், திறமைசாலி, பிடிவாதக்காரர். 2009இல் நாட்டின் வண்டிகளைச் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பழைய கார்களை மலிவாக அனுப்பலாம் என்பது காரணம். 2011இல் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கே நாட்டை நகர்த்தினார். அந்த வருடம் சமோவாவில் டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது, 29ஆம் தேதி இரவு தூங்கியவர்கள் 31ஆம் தேதி எழுந்தார்கள். இரண்டுமே பலனுள்ள முடிவுகள் என்றுதான் நினைக்கிறேன். பிரச்சினை எங்கே என்றால், 2016 தேர்தலுக்குப் பிறகு எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குக்கூட மறுபக்கம் ஆள் இல்லை. கேட்க ஆளில்லாத நாடாளுமன்றத்தில் எந்தச் சட்டமும் நிறைவேறும்.

2020இல் ஃபியாமே ஏன் ராஜினாமா செய்தார்?

மூன்று மசோதாக்கள். சுருக்கமாகச் சொன்னால், நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்பிலிருந்து பிரித்து, அதற்கென்று தனி மேல்முறையீட்டு அமைப்போடு ஒரு இணை நீதித்துறையாக மாற்றும் ஏற்பாடு. 'நம் வழக்கத்தை வெளிநாட்டுச் சட்டத்திலிருந்து காப்பாற்றுகிறோம்' என்பது அரசின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராமச் சபை ஒருவரை ஊரை விட்டு விலக்கி வைத்துவிட்டு, அதை அந்த நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டால், அடிப்படை உரிமை என்று அவர் போய்த் தட்டக் கதவு இருக்காது. நீதிபதிகளும் வழக்கறிஞர் சங்கமும் எதிர்த்தார்கள்.

துணைப் பிரதமராக இருந்துகொண்டே ஃபியாமேவும் எதிர்த்தார், செப்டம்பரில் பதவியை விட்டார். பிரதமருக்கு அடுத்த நாற்காலி, 35 வருடக் கட்சி, பேசாமல் இருந்திருந்தால் ஒருநாள் தலைமை தானாக வந்திருக்கும். குழந்தையிலிருந்து பட்டம், வழக்கம், மரபு என்று வளர்ந்தவர் மரபின் பெயரால் வந்த சட்டத்தை எதிர்த்தார் என்பதுதான் இதில் முக்கியம். மசோதாக்கள் டிசம்பரில் நிறைவேறிவிட்டன.

2021இல் அவர் தலைமையில் தேர்தலில் நின்ற ஃபாஸ்ட் கட்சியை அவரா ஆரம்பித்தார்?

இல்லை, பலர் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். ஆரம்பித்தவர் லாஅவுலி லெயுவதெயா ஷ்மிட், பழைய கட்சியிலிருந்து பிரிந்து வந்த இன்னொருவர். ஃபியாமே பிறகு சேர்ந்து, 2021 தேர்தலுக்கு முன்னால் தலைவரானார். கட்சி அமைப்பு லாஅவுலியுடையது, நாட்டுக்குத் தெரிந்த முகம் ஃபியாமேவுடையது. பின்னால் வந்த சண்டைக்கு விதை இதிலேயே இருந்தது.

2021 தேர்தலில் அப்படி என்ன குழப்பம்?

ஏப்ரல் 9 அன்று 51 இடங்களுக்குத் தேர்தல். ஆளுங்கட்சி 25, ஃபாஸ்ட் 25, ஒரே ஒரு சுயேச்சை. அந்தச் சுயேச்சை துவாலா இயோசெஃபோ பொனிஃபாசியோ யார் பக்கம் போவார் என்று நாடே காத்திருந்தபோது, தேர்தல் ஆணையர் திடீரென்று ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கூடுதல் உறுப்பினராக அறிவித்தார்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. உறுப்பினர்களில் குறைந்தது 10 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013இல் அரசியலமைப்பைத் திருத்தியிருந்தார்கள். தேர்தலில் 5 பெண்கள் வென்றிருந்தார்கள். 51இல் 5 என்றால் 9.8 சதவீதம். அதனால் ஆறாவது பெண் தேவை என்று ஆணையர் சொன்னார். துவாலா ஃபாஸ்ட் பக்கம் வந்ததும் கணக்கு 26க்கு 26 ஆனது. பெண்களுக்காகக் கொண்டுவந்த நல்ல சட்டத்தை வைத்தே முதல் பெண் பிரதமர் வருவது தடுக்கப்பட்டது. எனக்கு இந்த முழுக் கதையிலும் அதிகம் வலித்த இடம் இது.

'சமநிலை, அதனால் மறுதேர்தல்' என்று நாட்டுத் தலைவர் (நம் குடியரசுத் தலைவர் மாதிரியான பதவி) மே 21க்குத் தேதி குறித்தார். மே 17 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது, கூடுதல் உறுப்பினரும் செல்லாது, மறுதேர்தலும் செல்லாது.

அந்தப் பந்தல் நாளில் நிஜமாக என்ன நடந்தது?

தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்பது அரசியலமைப்பு. 45ஆவது நாள் மே 24, திங்கட்கிழமை. நாட்டுத் தலைவர் முதலில் அன்றைக்குக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு, சனிக்கிழமை இரவு காரணம் சொல்லாமல் நிறுத்திவைத்தார். சமோவாவில் ஞாயிறு என்றால் தேவாலயம், வீட்டுச் சாப்பாடு, ஓய்வு, கடைகள்கூட பெரும்பாலும் திறக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து, நிறுத்திவைத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

திங்கள் காலை ஃபியாமேவும் அவருடைய உறுப்பினர்களும் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். கட்டடம் கூரை கவிந்த பெரிய 'ஃபலே' வீடு மாதிரி இருக்கும், முன்னால் அகலமான புல்வெளி. சபாநாயகர் உத்தரவால் கதவு பூட்டியிருந்தது, சுற்றிலும் போலீஸ். தலைமை நீதிபதி சதியு சிமதிவா பெரேஸேயும் மற்ற நீதிபதிகளும் சிவப்பு அங்கியும் வெள்ளை விக்கும் அணிந்து நடந்து வந்தார்கள். கதவு வரைக்கும் போய், பூட்டியிருப்பதைத் தாங்களே பார்த்து, திரும்பி நடந்தார்கள். அந்தக் காட்சியை வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சத்தம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. நீதிமன்றம் சொன்னதைச் செய்யாத ஒரு கதவின் முன்னால் நீதிமன்றமே வந்து நின்றது.

கூடியிருந்தவர்கள் துதிப்பாடல் பாடிக்கொண்டு காத்திருந்தார்கள். சாயங்காலம் அந்தப் புல்வெளியிலேயே பந்தல் போட்டு, ஃபாஸ்ட் உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள், ஃபியாமே பிரதமராக. துயிலாயெபா அதைத் தேசத்துரோகம் என்றார். இரண்டு லட்சம் பேர் நாட்டில் இரண்டு அரசு, ஆனால் ஒரு கல்கூட வீசப்படவில்லை.

அன்றே ஆட்சி கைக்கு வந்துவிட்டதா?

எங்கே! ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் பந்தல் பதவியேற்பு செல்லாது, ஆனால் ஏழு நாளுக்குள் நாடாளுமன்றம் கூடியாக வேண்டும் என்றது. அதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (சமோவாவில் இது உச்ச நீதிமன்றத்துக்கும் மேலே), பந்தலில் எடுத்த பிரமாணம் செல்லும், மே 24 முதலே ஃபாஸ்ட்தான் அரசு என்று தீர்த்துவைத்தது. துயிலாயெபா ஒப்புக்கொண்டு விலகினார், நாலு நாளில் ஃபியாமே அலுவலகத்துக்குள் போனார்.

ஆட்சியில் என்ன செய்தார்?

வந்தவுடன் எடுத்த பெரிய முடிவு, சீன உதவியோடு வாயியுசு விரிகுடாவில் கட்டவிருந்த சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் துறைமுகத் திட்டத்தை நிறுத்தியது. இருக்கும் துறைமுகமே போதும், ஏற்கெனவே சீனாவுக்குக் கடன் நிறைய இருக்கிறது, சின்ன நாட்டுக்கு இவ்வளவு எதற்கு என்பது அவர் வாதம். அப்புறம், ஒவ்வொரு தொகுதிக்கும் 10 லட்சம் தாலா (அவர்கள் நாணயம்) கொடுத்து, என்ன வேலை தேவை என்று உள்ளூர்க்காரர்களே முடிவு செய்யும் திட்டம். கொரோனாவுக்காக மூடிய எல்லை 2022 ஆகஸ்டில் திறந்தது.

2024 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு ஆப்பியாவில் நடந்தது, பசிபிக்கின் சிறு தீவு நாடு ஒன்றில் அது நடந்தது அதுவே முதல் தடவை. மன்னர் சார்லஸ் வந்தார். ஒவ்வொரு கிராமமும் ஒரு உறுப்பு நாட்டைத் தத்தெடுத்த மாதிரி எடுத்துக்கொண்டு, அந்த நாட்டின் கொடியால் சாலையோரத்தை அலங்கரித்தது. அதே மாதத் தொடக்கத்தில் நியூசிலாந்துக் கடற்படையின் மனவானுயி கப்பல் உபோலுவின் தெற்குப் பாறைத்திட்டில் தட்டி மூழ்கியது. கப்பலில் இருந்த 75 பேரும் பிழைத்தார்கள், ஆனால் எண்ணெய்க் கசிவால் மீன்பிடிக்கும் ஊர்களுக்குப் பெரிய பாடு.

அவர் சீனாவுக்கு எதிரானவரா?

துறைமுகத்தை நிறுத்தியதால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அப்படி எழுதின. எனக்கு அப்படித் தெரியவில்லை. 2022இல் பத்து பசிபிக் நாடுகளோடு சேர்த்து ஒரே ஒப்பந்தம் போடச் சீனா முயன்றபோது, நாங்கள் எங்களுக்குள் கூடிப் பேசாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றுதான் கேட்டார். 2024 நவம்பரில் பெய்ஜிங் போய் ஷி ஜின்பிங்கையும் சந்தித்தார். யார் வந்தாலும் முதலில் எங்களிடம் பேசு என்பதுதான் அவர் நிலை.

அவர்மேல் குறையே இல்லையா?

இருக்கிறது, எனக்குப் பிடித்தவர் என்பதற்காக மறைக்க முடியாது. 2019 தட்டம்மையில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். முந்தின வருடம் ஊசியைத் தவறான மருந்தோடு கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்ததால் மக்கள் பயந்து தடுப்பூசியையே விட்டிருந்தார்கள், அந்தப் பயத்தைப் போக்க அரசு போதிய வேகம் காட்டவில்லை. அந்த அரசின் துணைப் பிரதமர் ஃபியாமே.

இன்னொன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2021 செப்டம்பரில் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, இன்னும் பிரமாணம் எடுக்கவில்லை என்று சொல்லி எதிர்க்கட்சியினரை உள்ளே விடவில்லை, போலீஸ் வழியிலேயே மறித்தது. உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்கள் பிரமாணம் எடுத்தார்கள். அப்புறம் துயிலாயெபாவை இடைநீக்கம் செய்ததையும் 2022இல் நீதிமன்றம் ஒருமுறை ரத்து செய்தது, மறுபடியும் இடைநீக்கம் செய்தார்கள். முடிவெடுத்தது சபாநாயகரும் சபையும் என்றாலும், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற நாள் மறக்காத ஒருவர் அங்கே பிரதமராக இருந்தார். தடுத்திருக்க வேண்டும்.

சொந்தக் கட்சியே ஏன் அவரை விலக்கியது?

2025 ஜனவரியில் லாஅவுலிமேல் போலீஸ் வழக்குப் போட்டது. அப்போது அவர் அமைச்சர், கட்சி அமைப்பின் தலைவரும் (சேர்மன்) அவர்தான். வழக்கு முடியும்வரை விலகி இருங்கள் என்று ஃபியாமே கேட்டார், அவர் மறுத்தார், ஃபியாமே பதவியிலிருந்து நீக்கினார். கட்சியில் பெரும்பாலோர் லாஅவுலி பக்கம் நின்று ஃபியாமேவைக் கட்சியை விட்டே விலக்கினார்கள். லாஅவுலி குற்றச்சாட்டுகளை மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு அவருடையது சிறுபான்மை அரசு. பிப்ரவரி 25 அன்று துயிலாயெபா கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 34க்கு 15 என்று தோற்றது. பத்தே நாளில் லாஅவுலி ஒன்று கொண்டுவந்தார், அதுவும் 32க்கு 19 என்று தோற்றது. அவரை வீழ்த்த விரும்பிய இரண்டு அணியும் ஒன்றையொன்று நம்பவில்லை, அதனால் பிழைத்தார். இதற்கு நடுவே உபோலுவில் மின்வெட்டு முற்றி மார்ச் கடைசியில் அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. ஆட்சிக்கு அது பெரிய அடி.

பட்ஜெட்டில் தோற்பார் என்று தெரிந்தும் ஏன் கொண்டுவந்தார்?

பட்ஜெட் இல்லாமல் அரசு ஓடாது. அது தோற்றால் அரசின்மேல் சபைக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம். மே 27 அன்று 34 பேர் எதிராகவும் 16 பேர் ஆதரவாகவும் ஓட்டுப் போட்டார்கள். இந்தத் தடவை இரண்டு அணியும் சேர்ந்துவிட்டன. அன்றைக்கே நாடாளுமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார். நாள் கடத்தவில்லை, ஆள் பிடிக்க ஆரம்பிக்கவில்லை. தேதியைத் தள்ளிப்போட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பது என்ன செய்யும் என்பதை 2021இல் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

2025 தேர்தலில் என்ன ஆனது?

அவர் சமோவா ஒன்றிணைக்கும் கட்சி என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் கட்சி கட்டித் தேர்தலில் நிற்பது லேசான வேலை இல்லை. ஆகஸ்ட் 29 அன்று ஓட்டெடுப்பு. லாஅவுலியின் ஃபாஸ்ட் தனிப்பெரும்பான்மை பெற்றது, துயிலாயெபாவின் கட்சி இரண்டாவது, ஃபியாமேவின் கட்சிக்கு மூன்றே இடம். அந்த மூன்றில் ஒன்று லோதோஃபாங்கா. 1985இல் முதல்முறை வென்ற அதே தொகுதி, நாற்பது வருடம் கழித்து அவரைக் கைவிடவில்லை.

ஆட்சி மாற்றத்தில் இந்தத் தடவையும் தகராறு வந்ததா?

2021இல் ஓட்டெடுப்பிலிருந்து புதிய பிரதமர் அலுவலகத்தில் உட்கார மூன்றரை மாதம் ஆனது, அதற்குள் எத்தனையோ தீர்ப்புகள். 2025இல் லாஅவுலி பிரதமரானது செப்டம்பர் 16 அன்று, ஓட்டெடுப்பு முடிந்து பதினெட்டாவது நாள். ஃபியாமே அலுவலகத்தைக் காலி செய்து கொடுத்தார், பந்தல் எதுவும் தேவைப்படவில்லை.